குழாயில் கரண்ட் அடித்த குசினி

எங்கள் வயரிங் வேலைக்காரர் சங்கத்தின் மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு மூன்று பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் மகள் சமையலுக்குப் புதிதாகப் போட்டிருக்கும் குசினியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுவரில் இருந்த, கரண்ட் கசிந்தால் தானே நின்றுவிடும் ட்ரிப் சுவிச்சைக் காட்டி, "ஹாஜியார், இது இல்லாத காலத்துல எப்பிடி வேல செஞ்சீங்க? ஆக்கள் மௌத்தாகல்லயா?" என்று கேட்டார்.

பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. ஒருவர் சாவின் விளிம்பில் நின்று, மௌத்தாகப் பார்த்தார். அவர் ஆகாமல் போனதற்கு நானும் ஒரு காரணம், ஆகப் பார்த்ததற்கும் நானும் ஒரு காரணம். மலருக்கு அதையே எழுதுகிறேன்.

என் பெயர் ஆதம்பாவா. சொந்த ஊர் சாய்ந்தமருது. வாப்பா கரைவலை இழுத்தவர். எனக்குத் தோணியில் ஏறினாலே வாந்தி வரும், அதனால் கடல் எனக்கு இல்லையென்று ஆகிவிட்டது. பதினெட்டு வயதில் மட்டக்களப்புக்குப் போய் ஒரு தனியார் கொந்தராத்துக்காரரிடம் வயரிங் வேலைக்குச் சேர்ந்தேன். மூன்று வருடம் சுவர் துளைத்தேன், மரச்சட்டம் சீவினேன், ஏணி பிடித்தேன். அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றுமில்லை. வேலையைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, சைமன் போர்மனின் கீழ் வந்தபோதுதான்.

சைமன் போர்மன் மட்டக்களப்புப் பறங்கி, எங்கள் வேலைகளுக்கெல்லாம் மேற்பார்வையாளர். நல்ல உயரம். காக்கிக் காற்சட்டையை முழங்காலுக்குக் கீழே மடிப்புக் கலையாமல் போட்டிருப்பார். சத்தம் போட்டு அவர் கதைத்ததை நான் கேட்டதில்லை. போர்டைத் தொடுமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி, கைலேஞ்சியில் முடிந்து, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டுவார். பிறகு "மெயின் ஓஃப்" என்று சொல்வார். மெயினடியில் நிற்பவன் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது, "ஓம் சேர்" என்றாலும் போதாது. "மெயின் ஓஃப்" என்றே சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு டெஸ்ட் பல்ப். கரண்ட் இருக்கிறதென்று தெரிந்த இடத்தில் முதலில் வைத்து எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு நாங்கள் தொடப்போகும் வயரில் வைப்பார். எரியாது. அதோடு விடமாட்டார். திரும்பவும் கரண்ட் உள்ள இடத்துக்கே கொண்டுபோய் எரிகிறதா என்று பார்ப்பார்.

"ஏன் சேர் ரெண்டு தரம்?" என்று முதல் நாளே கேட்டேன்.

"நடுவில பல்ப் செத்திருந்தா, பாவா, வயர் செத்துப் போச்செண்டு நினைச்சு நீ கையை வெப்பாய்."

கடைசியில் மெக்கர். தோல் வார் போட்ட மரப்பெட்டிக்குள் இருக்கும் அது. கைபிடியைச் சுற்றினால் ஊசி அசையும்; வயரின் உறையில் கசிவு இருந்தால் ஊசி கீழே விழுந்துவிடும். அந்த அளவைச் சாந்து பூசப்போகும் சுவரிலேயே பென்சிலால் எழுத வேண்டும். அதன் பிறகுதான் மேசன் சாந்தைக் கையில் எடுக்கலாம்.

காரைதீவில் ஒரு வாத்தியார் வீட்டில் நான் எழுதாமல் விட்டேன். மேசன் அவசரப்பட்டார், நானும் டெஸ்ட் செய்யாமலே விட்டுவிட்டேன். சைமன் போர்மன் வந்து பூசிய சுவரைப் பார்த்து, "எத்தின காட்டிச்சு?" என்று கேட்டார். நல்லாக் காட்டியது என்று பொய் சொன்னேன். அவர் சுத்தியலை என் கையில் தந்தார். ஈரம் காயாத சாந்தை நானே உடைத்தேன், மெக்கர் வைத்தேன், பென்சிலால் எழுதினேன், சாந்து குழைத்து நானே பூசினேன். அளவு முதல்தரமாக இருந்தது. வயிற்றெரிச்சலில், "நல்லாத்தானே சேர் இரிந்திச்சு" என்றேன்.

"ஓம். இப்ப எனக்கும் தெரியும்" என்றார்.

ஐம்பதுகளின் நடுவில் எங்கள் கரைப்பக்கத்து வீடுகளுக்குப் பகலிலும் கரண்ட் வரத் தொடங்கியது. அப்போதும் கரண்ட் என்றால் எல்லோருக்கும் விளக்குத்தான். ரேடியோ வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். சமையலுக்குக் கரண்ட் என்பதை முதலில் கேட்டவர் கல்முனையில் உதுமாலெவ்வைப் போடியார். மாவடிப்பள்ளிப் பக்கம் அவருக்குப் பெரிய வயல் இருந்தது. எங்கள் வழக்கப்படி மகளுக்குச் சீதனமாக வீடு கட்டினார். அவருடைய மனைவி விறகுப் புகையில் இருமி இருமியே நோயாளியானவர். மகளின் குசினியில் புகை என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று போடியார் பிடிவாதமாக நின்றார்.

கொழும்பிலிருந்து லொறியில், வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள், இரண்டு தட்டு வைத்த கரண்ட் அடுப்பு வந்து இறங்கியது. வெள்ளை எனாமல் பூசிய அடுப்பு. அதைப் பார்க்க மருதமுனையிலிருந்துகூட ஆட்கள் சைக்கிளில் வந்தார்கள். பார்த்தவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கள் வீட்டுக்கும் குசினி வயரிங் வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் கொந்தராத்துக்காரருக்கு நிலத்தில் கால் படவில்லை.

அந்தக் குசினியை என் பொறுப்பில் விட்டார் சைமன் போர்மன். நான் தனியாகச் செய்த முதல் பெரிய வேலை அது. மாரிகாலம், நல்ல மழை. அடுப்புக்கென்று தனியாகத் தடித்த வயர் இழுத்தேன். இரும்புக் குழாய்க்குள் போட்டுச் சுவரில் பதித்தேன். குசினியில் உள்ள ஒவ்வொரு இரும்பையும் பித்தளையையும் எர்த் வயரோடு கட்ட வேண்டும் என்பது போர்மனின் சட்டம். அதன்படி அடுப்பின் உடலையும், கூரைத் தாங்கியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயையும் ஒன்றாகக் கட்டி, வீட்டின் பக்கத்தில் மண்ணில் இறக்கிய ஆறடிக் குழாயில் முடித்தேன். எங்கேயாவது கரண்ட் கசிந்தால், அது அந்த வயர் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும், ப்யூஸ் எரிந்து அடுப்பு நின்றுவிட வேண்டும். அதுதான் எர்த்தின் வேலை. கரண்ட் வயருக்கும் அந்தக் குழாய்க்கும் இடையில் டெஸ்ட் பல்ப் வைத்தபோது, மண் கரண்டை நன்றாக எடுக்கிறதென்று காட்டிப் பளீரென்று எரிந்தது. சைமன் போர்மன் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்து வைத்தார்.

"நல்ல வேலை, பாவா" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது லேசல்ல. என்னை முதலாம் தர வயர்மனாக்கும் கடிதத்தைத் தானே எழுதுவதாகவும் சொன்னார்.

பிறகு வீடு பூட்டிக் கிடந்தது. மழை நின்று, கச்சான் என்ற வறண்ட காற்று எழும்பி, வளவெல்லாம் வெள்ளை மணலாய்ப் பொரிந்து கிடந்த நாட்களில், மகளின் கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, போடியார் குடும்பம் அந்த வீட்டில் குடியேறியது. சமையலுக்கு மரியங்கண்டு என்ற பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். புருஷனை இழந்தவர், மூன்று பிள்ளைகளுக்கும் அவர் உழைப்புத்தான்.

மூன்றாம் நாள் போடியாரின் ஆள் சைக்கிளில் வந்தான். குழாயைத் தொட்டால் கரண்ட் அடிக்கிறதாம். போனேன். மெயினை நிறுத்தி ஒவ்வொரு வயராக மெக்கர் வைத்தேன். எல்லாம் சரி. மெயினைத் திரும்பப் போட்டு, குழாயை நானே பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மரியங்கண்டு வாசலடியில் நின்று, "தம்பி, அது எல்லா நேரமும் கடிக்கிறல்ல" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். "சரி ராத்தா, நாங்க பார்த்துக்கிறம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அடுத்த நாள் பானையோடு குழாயடியில் நின்றவரைக் குழாய் பிடித்து இழுத்திருக்கிறது. பானை கையிலிருந்து போய், அவரும் விழுந்துதான் பிடி விட்டது. நான் போய்ப் பார்த்தபோது வலது கையைத் தூக்க முடியாமல் சுவரில் சாய்ந்து இருந்தார். வாசலில் ஒரே கூட்டம். குசினி கட்டுவதற்காக ஒரு புளியமரத்தை வெட்டியிருந்தார்கள். அதில் இருந்த ஜின்தான் குழாயில் ஏறிவிட்டது என்று பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓதிப் பார்க்க லெப்பையையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் ஈரமான சிமெந்துத் தரையில் வெறுங்காலோடு போய் நின்று, விரல் நுனியால் குழாயைத் தொட்டார். உதறிக்கொண்டு கையை எடுத்தார். என்னைப் பார்த்து, "மகன், இது ஓதிப் போற சாமான் இல்ல. இது உன்ட வேல" என்றார்.

போடியார் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, ஒரு பொம்பிள என்ட வளவுக்க மௌத்தாகப் பார்த்திரிக்கா. மூணு நாள் தாறன். சரிவரல்லெண்டா எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டு அடுப்புக்கல்லு வெப்பன். மறுகா இந்த ஊர்ல ஒருத்தரும் உங்கட வயர வீட்டுக்க எடுக்க மாட்டாங்க."

அது வெறும் மிரட்டல் அல்ல. அன்று பின்னேரமே, குசினி கேட்டிருந்தவர்களில் நான்கு பேர் வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள்.

மறுநாள் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். வழியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். "சேர், குழாய்க்குப் போற எர்த் வயர வெட்டி விட்டா குழாய் கடிக்காது" என்றேன்.

சைமன் போர்மன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்துதான் பதில் சொன்னார். "ஓம், குழாய் கடிக்காது. கரண்ட் எங்க போகும்?"

அவரே தொடர்ந்தார்.

"அடுப்பில நிக்கும். எனாமல் ஒரு இடத்தில உடையும் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்கும். குழாய் உனக்குப் பிழையைச் சொல்லுது, பாவா. அதின்ட வாயைப் பொத்தாத." கையைத் துடைத்துக்கொண்டு, "ஆருக்கு அடிச்சது?" என்று கேட்டார்.

"சமைக்கிற மனிசிக்கு."

"அவட்ட என்ன கேட்டாய்?"

"ஒண்ணும் கேக்கல்ல சேர்" என்றேன். அவர் மெக்கர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னோடு பஸ்ஸுக்கு வந்தார்.

மரியங்கண்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சைமன் போர்மன் கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார்.

"தேத்தண்ணி வெச்சாக் கடிக்கிறல்ல சேர். கறி வெச்சாலும் இல்ல. சோறு பொங்கி வழிஞ்சா, அதுக்குப் பொறகுதான் கடிக்கிது. வீட்டுக்காரிக்குக் கடிக்கிறல்ல, அவ செருப்புப் போட்டிரிக்கா. நான் வெறுங்கால், கீழ தண்ணியும் நிக்கும். இதத்தான் இந்தத் தம்பிக்கிட்டச் சொல்லப் பார்த்த." பிறகு சிரித்தார். "ஜின் எண்டாங்க. ஜின்னுக்கென்ன, சோத்துப்பானைக்கும் தேத்தண்ணிக் கேத்திலுக்கும் வித்தியாசமா?"

சைமன் போர்மன் தொப்பியைக் கழற்றினார். "ராத்தா, எங்களுக்காக ஒரு பானை சோறு வெப்பீங்களா? நல்லாப் பொங்கி வழியட்டும். குழாய்ப்பக்கம் மட்டும் ஒருத்தரும் போக வேணாம்."

அரிசி கொதித்தது. கஞ்சி நுரைத்து எழும்பி, பானையின் கழுத்தால் இறங்கித் தட்டில் சீறியது. வழியட்டும் வழியட்டும் என்று போர்மன் கையால் காட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கடிகாரமும் மோதிரமும் கைலேஞ்சிக்குள் போயின. "மெயின் ஓஃப்." நான் திருப்பிச் சொன்னேன். அடுப்பின் வயரைக் கழற்றி மெக்கரைச் சுற்றினேன். முதல் வந்தபோது அசையாமல் நின்ற ஊசி, பூச்சியத்தை நோக்கி அப்படியே சாய்ந்தது.

அடுப்புத் தட்டின் ஓரத்து வெடிப்பால் கஞ்சி உள்ளே இறங்கி, சூட்டுக் கம்பியை நனைத்திருந்தது. நான் டெஸ்ட் செய்தபோதெல்லாம் அடுப்பு காய்ந்து ஆறிக் கிடந்தது. எப்படித் தெரியும்?

"அடுப்பு கசியிது, சரி. கசிஞ்ச கரண்ட் ஏன் மண்ணுக்க போகல்ல? ப்யூஸ் ஏன் எரியல்ல?" என்று கேட்டார் போர்மன். கேட்டுவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தக் கேள்வி எனக்கு.

வெளியே ஓடினேன். எர்த் குழாயைக் கையால் பிடித்து ஆட்டினேன். ஆடியது. மாரியில் சேறாக இருந்த இடம் இப்போது சூடான வெறும் மணல். குசினிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, மெயினைப் போடச் சொல்லி, கரண்ட் வயருக்கும் எர்த் குழாய்க்கும் இடையில் டெஸ்ட் பல்பை வைத்தேன். பல்புக்குள் கம்பி பீடி நெருப்புப் போலச் சிவந்தது. அவ்வளவுதான். காய்ந்த மணல் கரண்டை எடுக்கவில்லை. போக வழியில்லாத கரண்ட், நான் கட்டிய வயராலேயே தண்ணீர்க் குழாய்க்கு வந்து, ஈரத்தில் வெறுங்காலோடு நின்ற பெண்ணின் உடம்பால் இறங்கியிருக்கிறது.

உள்ளே போய் அதைச் சொன்னேன். போடியாரும் கேட்டுக்கொண்டு நின்றார். "அப்ப இது ஆர்ட பிழை?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சைமன் போர்மன் எழுந்தார். "எங்கட பிழை, போடியார். மழைக்க டெஸ்ட் பண்ணிட்டுக் கச்சானை நினைக்கல்ல. கையெழுத்து வெச்சது நான்." மரியங்கண்டுவின் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கொள்ளுங்க, ராத்தா" என்றார். ஒரு போர்மன் ஒரு சமையல்காரியிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கோபமாக நின்ற போடியார் அதோடு தணிந்துவிட்டார். "இன்னும் ரெண்டு நாள் இரிக்கி" என்று மட்டும் சொன்னார்.

எர்த் எப்போதும் ஈரத்தில் நிற்க வேண்டும். கிணற்றுக்குள் இறக்கலாம் என்றேன். போடியார் கையை விரித்தார். "குடிக்கிற, தொழுகைக்கு உழுச் செய்யிற தண்ணி தம்பி. அதுக்க கரண்ட் இரிக்கெண்டு ஒரு சொல்லு வெளிக்கிட்டாப் போதும்." அவர் சொன்னதும் நியாயம்தான். வளவைச் சுற்றி நடந்தேன். கச்சானில் எல்லாம் கருகிக் கிடக்க, குசினியின் பின்சுவரோடு நாலைந்து வாழை மட்டும் கரும்பச்சையாக நின்றன. குசினித் தண்ணீர் வடியும் இடம். காலால் மணலைக் கிளறினேன், அடியில் ஈரம்.

விடிந்ததும் மண்வெட்டி போட்டேன். ஐந்தடிக்கு மேல் மணல் சரிந்து சரிந்து குழியை மூடியது. கிணறு இறக்குகிறவர்களைக் கூட்டி வந்து சிமெந்து வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினோம். பதினோராவது அடியில் என் காலைச் சுற்றித் தண்ணீர் ஊறியது. அடியில் செப்புத் தகடு வைத்து, அதன்மேல் கரியும் கல்லுப்பும் மாறி மாறி மிதித்து, தடித்த செப்புக் கம்பியை மேலே கொண்டுவந்தேன். கழுத்துவரை கரி அப்பிய முகத்தோடு டெஸ்ட் பல்பை வைத்தேன். பட்டப்பகலில் பல்ப் கண்ணைக் கூச வைத்தது. குழியின் விளிம்பில் நின்ற சைமன் போர்மன் விசிலடித்தார்.

தவணையின் மூன்றாம் நாள் காலை குசினி வாசலில் ஊரே நின்றது. லெப்பையும் வந்திருந்தார். புதுத் தட்டுக்குக் கொழும்புக்குச் சொல்லியிருந்தோம். ஆனால் பழைய, கசிகிற தட்டிலேயே சோறு வைக்கச் சொன்னார் போர்மன். எர்த் சரியா என்பதை அதுதான் காட்டும். கஞ்சி வழிந்தது. அவர் குழாய்க்கும் ஈரத் தரைக்கும் இடையில் கரண்ட் அளக்கும் மீட்டரை வைத்தார். ஊசி அசையவில்லை. நான் செருப்பைக் கழற்றி, தண்ணீரில் நின்று, பிஸ்மில்லாஹ் சொல்லிக் குழாயைப் பிடித்தேன். ஒன்றுமில்லை.

கூட்டம் நம்பவில்லை. "அவன் வயர்க்காரன், பழக்கம்" என்றது ஒரு குரல்.

"தள்ளு தம்பி" என்று மரியங்கண்டு முன்னுக்கு வந்தார். "கடிச்சது எனக்கு. நான்தான் புடிக்கணும்." வலது கையையே நீட்டினார். பித்தளைக் குழாயை இறுக்கிப் பிடித்தார்.

அடுப்பில் கஞ்சி சீறும் சத்தம் மட்டும். திடீரென்று போர்டில் 'பட்' என்று வெடித்தது. அடுப்பு சுவிச்சுக்கு மேலிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. பெண்கள் கத்தினார்கள். போடியார் "என்ன இது?" என்று பாய்ந்து வந்தார். மரியங்கண்டு மட்டும் குழாயை விடவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் நிதானமாக. "எனக்கு ஒண்ணுமே இல்ல."

"ப்யூஸ் எரிஞ்சிரிக்கி போடியார்!" என்று நான் கத்தினேன். "இதுதான் வேணும்! கசிஞ்ச கரண்டெல்லாம் மண்ணுக்க போய், அடுப்பு தானா நிண்டிரிக்கி. இனி ஆளப் புடிக்காது, அடுப்பத்தான் நிப்பாட்டும்!"

லெப்பை "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வாசலில் நின்ற எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். மரியங்கண்டு குழாயைத் திறந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, அரைவேக்காட்டில் நின்ற சோற்றை எப்படி எடுப்பது என்று என்னைக் கேட்டார்.

புதுத் தட்டு வந்தது. கஞ்சி உள்ளே இறங்காமல் ஒரு தகரத் தட்டமும் அடித்துப் போட்டேன். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கான முதல் சாப்பாடு அந்த அடுப்பில்தான் ஆனது. போடியாரின் மனைவி குசினிக்குள் ஒரு கதிரை போட்டு, இருமாமல், முழுச் சமையலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சைமன் போர்மன் கடிதத்தை எழுதினார். அதோடு, நாங்கள் அதுவரை செய்த எல்லா வீடுகளின் எர்த்தையும் கச்சான் முடியுமுன் திரும்பவும் டெஸ்ட் செய்ய உத்தரவு போட்டு, அந்த வேலையை என் தலையில் கட்டினார். வீடு வீடாகப் போனேன். பல்ப் சிவந்த வீடுகள் நிறைய இருந்தன. ஒவ்வொன்றிலும் ஈரம் தேடித் தோண்டினேன்.

வேண்டாமென்று சொன்ன நாலு பேரும் திரும்பி வந்தார்கள், புதிதாகவும் பலர் வந்தார்கள். மருதமுனையில் ஒரு நெசவுக்காரர் வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். கைத்தறியில் இருந்த வீட்டுக்காரி நாடாவை நிறுத்திவிட்டு, எத்தனை விளக்கு, எங்கே சுவிச் என்று ஒன்றும் கேட்காமல், நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எங்கட வளவுக்க எத்தின அடி தோண்டுவீங்க?"

"தண்ணி வாற வரைக்கும்" என்றேன்.

"அப்ப வாங்க, உள்ளுக்கு வந்து அளவ எடுங்க" என்றார்.